தண்ணீர் நின்ற குழிகள்

பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னபோது, நான் ராஜஸ்தானில் ஒரு போர்வெல் லாரியின் அடியில் நிழலுக்காகப் படுத்திருந்தேன். அவள் சொன்னது தேயிலை நாற்றுகளை. நல்ல செடியாகப் பார்த்து, ஒற்றை இலையும் கொஞ்சம் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் குத்தி, வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்கு அடியில் ஒரு வருஷத்துக்கு மேலாக வளர்த்திருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த பிறகு மிச்சமிருந்த நேரமெல்லாம் அதற்குத்தான் போனது. வரும் மழைக்கு அவை மண்ணுக்குப் போயாக வேண்டும். தவறினால் வேர் பைக்குள்ளேயே சுற்றி முறுக்கிக்கொள்ளும். அடுத்த மழைக்கு வைத்தால் பிடிக்காது. இன்னொரு தடவை பை நிரப்பி ஆரம்பத்திலிருந்து வளர்க்கத் தனக்குத் தெம்பில்லை என்றாள்.

"குழி வெட்ட ஆள் இல்லடா தம்பி. மச்சானுக்கு இடுப்பு குனியாது. நீ எங்கதான் கெடக்குற?"

"ஓட்ட போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அத இங்க வந்து போடு."

பந்தலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த பிறகு பிறந்தவன் நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அதற்குப் பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் மீன் ஏற்றும் வேலை, லடாக்கில் ஒரு குளிர்காலம் ரோடு வேலை, கடைசியாகத் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி. ஒரே இடத்தில் இரண்டு மழையைப் பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். லாரி வேலையில் இடது கை விரல்கள் இரண்டின் நுனி ஒரு பெல்ட்டில் மாட்டிப் போய்விட்டது. மற்றபடி அது நல்ல வேலைதான். சோறு நேரத்துக்குக் கிடைக்கும்.

நான் ஊருக்கு வந்தது கோடை மழை ஆரம்பித்திருந்த சமயம். அக்காவின் நிலம் வீட்டுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது. ஒரு ஏக்கருக்கும் குறைவு. மேலே ஒரு முழம் கறுப்பு மண், அதற்குக் கீழே சிவப்புக் களி, நடுநடுவே கல். முன்பு உண்ணிச்செடிப் புதராக இருந்ததை அக்கா தன் கையாலேயே வெட்டிச் சுத்தம் செய்திருந்தாள். குழி வெட்ட மட்டும் அவளால் முடியவில்லை. அந்தப் பக்கத்து இளவட்டங்கள் எல்லாம் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். இருக்கிற ஒன்றிரண்டு பேர் கேரளாவுக்குத் தினமும் ஜீப்பில் போய் வந்தார்கள். நான் ஒருவன் கடப்பாரையைப் பிடித்தால் பாதி நிலத்தைத் தாண்டுவதற்குள் மழை வந்துவிடும். மெஷின் வாங்கலாம் என்று சொன்னேன். அக்கா மறுக்கவில்லை. மச்சான்தான் கேட்டார்.

"மெஷினு குழி வெட்டுமா? சும்மா துருவிப் போடுமா?"

"வெட்டும் மச்சான்."

"பாக்கலாம். எங்கிட்ட அளவுகம்பு இருக்கு."

கூடலூரில் புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு எல்லாம் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் நிலம்பூர் பக்கத்து ஆள். என்ன வேண்டும் என்று சொன்னதும் இருப்பதிலேயே பெரிய எஞ்சின் வைத்த மெஷினை இழுத்து வெளியே வைத்தார்.

"இத நோக்குங்க சேட்டா. புது மாடல். பாறையிலயும் போகும்."

"பாறையில இதே போகும்னா எங்க மொதலாளி எதுக்கு ஒரு லாரி நெறைய கம்ப்ரஸர ஏத்திக்கிட்டுச் சுத்துறாரு?"

அவர் சிரித்தார். "செரி, கொஞ்சம் கொறச்சுப் பறஞ்சேன். களிமண்ணுல போகும்."

சமதரையில் வேலி போடுகிறவனுக்குப் பெரிய எஞ்சின் சரி. எங்கள் நிலத்தில் ஆள் நிற்பதே ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துத்தான். மண்ணைக் குடையும் இரும்புச் சுருளான பிட், வேரிலோ கல்லிலோ மாட்டினால் நின்றுவிடும்; எஞ்சின் நிற்காது. அப்போது சுற்றுவது மெஷினைப் பிடித்திருக்கிறவன்தான். எஞ்சின் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகச் சுற்றுவான். அதனால் நான் பார்த்தது நான்கு விஷயங்களை. தனியாளாகத் தூக்கிச் சரிவில் ஏற முடிகிற எடை. கைப்பிடி அகலம், அகலமாக இருந்தால்தான் திமிறும்போது அடக்க முடியும். ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருக்க வேண்டும், விட்டதும் தானாகத் திரும்பி பிட் நின்றுவிட வேண்டும். என் இடது கையை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. நான்காவது, ஸ்டார்ட்டர் கயிறும் கார்பரேட்டரும் பிட் நுனியின் பிளேடும் அந்தக் கடையிலேயே கிடைக்க வேண்டும். ஒரு பிளேடுக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறினால் அன்றைய வேலை அதோடு சரி.

எனக்குப் பிடித்த மெஷின் கடையின் மூலையில், சாக்குக்குக் கீழே கிடந்தது. மசினகுடியில் ஒரு ரிசார்ட்காரர் வேலிக் கம்பம் நட வாங்கி, நட்டு முடித்ததும் பெட்ரோலோடு அப்படியே ஷெட்டில் போட்டுவிட்டாராம். அப்புறம் அது ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு வேறு ஏதோ கொடுத்திருந்தார். டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன்; எஞ்சின் நன்றாகவே எதிர்த்து இழுத்தது. பிளக்கைக் கழற்றினேன். நுனி காய்ந்த இலை நிறத்தில் இருந்தது. பிட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கியர் பாக்ஸில் ஆட்டம் இல்லை. ஓடி ஓடிக் கெட்ட மெஷின் அல்ல. சும்மா கிடந்து கெட்டது. அதைச் சரிசெய்துவிடலாம். ஓடிக் கெட்டதைத்தான் தொடக்கூடாது.

"அதையா எடுக்குறீங்க?" என்றார் கடைக்காரர். "அப்புறம் எங்கிட்ட வந்து கரஞ்சு அழப்பிடாது."

பஸ்ஸில் பிட்டைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது பாக்கு மரம் ஏறுற மெஷினுங்களா?" என்று கேட்டார். குழி தோண்டுகிறது என்றேன். ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது, அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து கார்பரேட்டரைக் கழற்றினேன். பழைய பெட்ரோல் உள்ளே பிசினாக உறைந்திருந்தது. பெட்ரோலில் ஊறப்போட்டு, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் துளைகளைக் குத்தி, காற்று ஊதினேன். காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தேன். கியர் பாக்ஸில் கிரீஸ் அடைத்தேன். பிளேடு இரண்டையும் அரத்தால் தீட்டினேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி கயிற்றை இழுத்தபோது, கொஞ்சம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கோழிகள் எல்லாம் கீழ்வீட்டுக்குப் போய்விட்டன. லடாக்கில் உறைந்த ஏரியில் தண்ணீர் எடுப்பதற்காக இதே மாதிரி மெஷினால் ஐஸில் துளை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குளிரில் கேட்ட அதே சத்தம்.

மச்சானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் எஸ்டேட்டில் குழி பார்க்கிறவராக இருந்தவர். புதுமலையில், அதாவது புதிதாகத் திருத்திய சரிவில், தேயிலை வைக்கும்போது ஆளுக்கு இத்தனை குழி என்று பிரித்துவிடுவார்கள். சாயந்திரம் அவர் அளவுகம்போடு வருவார். ஆழத்துக்கு ஒரு கம்பு, அதில் அகலத்துக்குக் குறுக்கே ஒரு கட்டை. குழிக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கட்டை எங்கேயாவது தட்டினால், சுவர் கரடுமுரடாக இருந்தால், அந்தக் குழி கணக்கில் சேராது. குழி சேராவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் என்றால் அன்றைய கூலி. கத்தியால் கேக்கை வெட்டினது போல் சுவர் இருக்கிறவன்தான் வேலைக்காரன். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் சிலோனில் அதே கம்பைத்தான் பிடித்திருந்தார். ரிட்டையரான பிறகும் மச்சானுக்கு அந்தக் கண் போகவில்லை. கல்யாண வீட்டில் பந்தக்கால் குழியைக்கூட எட்டிப் பார்ப்பார்.

வேலை ஆரம்பித்தோம். கோடை மழையில் மண் ஊறியிருந்ததால் பிட் சுலபமாக இறங்கியது. மெஷினை அழுத்தக் கூடாது. அதன் எடைக்கே விட வேண்டும். கொஞ்சம் இறங்கியதும் தூக்கி மண்ணை உதற வேண்டும். உதறாமல் ஒரேயடியாக இறக்கினால் பிட் களியில் சிக்கிக்கொள்ளும். பிறகு எஞ்சினை அணைத்து, முழு மெஷினையும் கையால் பின்பக்கம் திருகித்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை அப்படிச் சிக்கியதும், ஒரு தடவை சவுக்கு மரத்துப் பழைய வேரில் மாட்டி கைப்பிடி என் விலாவில் அடித்ததும் நடந்தது. மூச்சை இழுத்தால் வலித்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் குழியில் மச்சான் அளவுகம்பை விட்டுச் சுற்றினார். கீழே ஓரிடத்தில் லேசாக உரசியது.

"மாப்ள, இன்னொரு சுத்து."

இன்னொரு முறை பிட்டை இறக்கி, மேலும் கீழுமாக ஓடவிட்டு எடுத்தேன். கம்பு இப்போது உரசாமல் சுற்றியது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆயுசு முழுக்க ஆட்களைத் திட்டித் திட்டித் தேடிய குழி அது.

அதிலிருந்து எல்லாக் குழிக்கும் இன்னொரு சுற்று. வட்டம் தவறாமல், சுவர் பளபளவென்று, நடுச்சரிவிலிருந்து வரிசை வரிசையாகக் கீழே இறங்கின. பக்கத்து எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். மச்சான் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் காட்டினார். மேல்வீட்டுக்காரர், அவரும் எஸ்டேட்டில் மச்சானிடம் குழி வெட்டித் திட்டு வாங்கியவர், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த மெஷின அன்னைக்கே வாங்கிக் குடுத்திருந்தா என் பேர வெட்டியிருக்க மாட்டீங்கல்ல?"

"ஒன் பேர வெட்டுனது குழிக்காக இல்ல. குழிக்குள்ள படுத்துத் தூங்குனதுக்கு."

சாயந்திரம் அக்கா கொழுந்துக் கூடையோடு அப்படியே நிலத்துக்கு வருவாள். ஒரு வரிசை நடந்து பார்ப்பாள். "அழகாத்தான் இருக்கு. இதுல மண்ணப் போட்டு மூட மனசு வருமா?" என்பாள். பிறகு வலைக்குக் கீழே போய், பைகளைத் தூக்கி அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்ப்பாள். கிள்ளமாட்டாள். பார்த்துவிட்டு வைப்பாள்.

வேலை முடிந்ததும் மெஷினைத் துடைப்பது எனக்குப் பழக்கம். பிட்டில் ஒட்டிய களியைக் காய்வதற்கு முன்பே சுரண்டுவது, பிளேடு போல்ட்டுகளை முடுக்குவது, ஸ்பாஞ்சை உதறுவது, பிளேடுக்கு இரண்டு இழுப்பு அரம் கொடுப்பது. இதை விட்டால் மறுநாள் மெஷின் நம்மிடம் கோபித்துக்கொள்ளும். அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்ப்பாள்.

"எங்கள ஒரு நாளாவது இப்பிடித் தொடச்சு வெச்சுப் பாத்திருக்கியாடா?"

"நீ ஸ்டார்ட் ஆகாம நின்னதே இல்லையே அக்கா."

பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அப்போது ஒரு சாயந்திரம் நல்ல மழை பெய்தது. இடியும் காற்றுமாக வந்து, சோறு வடிப்பதற்குள் போய்விட்டது. காலையில் பார்த்தால் எல்லாக் குழியிலும் தண்ணீர். வானம் வெளுத்திருந்தது. சரிவு முழுக்கக் கண்ணாடி வட்டங்களாக மின்னின. மச்சானுக்கு அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாளும் தண்ணீர் நின்றது. அதற்கு மறுநாளும். அக்கா வேலைக்குப் போகும் வழியில் நின்று ஒரு குழியை ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"இதுல செடி வெச்சா வேர் அழுகிப்போகும்," என்றாள்.

"மழ பேஞ்சா தண்ணி நிக்காமயா இருக்கும்?" என்றார் மச்சான்.

"இடுப்பு பிடிக்கிறதுக்கு முன்னாடி போன வருசம் நீங்க வெட்டுனீங்களே வாழக்குழி, வேலியோரமா. அதுல நிக்கலயே."

மச்சான் அங்கே பார்த்தார். உண்மைதான். கன்று வைக்காமல் விட்ட அந்தக் குழி, கோணல்மாணலாக, அடியில் கொஞ்சம் சேறோடு காலியாகக் கிடந்தது.

"அது கோணக்குழி," என்றார்.

"கோணக்குழியில தண்ணி எறங்குதுல்ல."

அவள் பிரட்டுக்கு, எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடுவதற்கு, நேரமாகிவிட்டது என்று ஏறிப் போனாள். மேலே போய் வலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றதைப் பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் தகர டப்பாவால் ஒரு குழியை இறைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். சுவர் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் மெல்லிய தோலாக உரிந்தது. அந்தத் தோலுக்குப் பின்னால் மண் பொலபொலவென்று, கிட்டத்தட்ட காய்ந்தே இருந்தது. விஷயம் புரிந்தது. ஈரக் களியைச் சுற்றுகிற இரும்பு தேய்த்தால் மண்ணின் கண் எல்லாம் மூடிக்கொள்ளும். போர்வெல்லில் பாறையைத் துளைக்கிறவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஐஸில் துளை போடுகிறவனுக்கு இதனால் நஷ்டமில்லை. இங்கே மெஷின் ஒரு முறை மூடியதை, இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று நாங்கள் மெழுகி முடித்திருந்தோம். தண்ணீர் வெளியே போகாது. பின்னால் செடியின் வேரும் போகாது. பைக்குள் சுற்றியதைப் போலவே குழிக்குள்ளும் சுற்றிக்கொண்டு கிடக்கும். பையைவிட்டு எடுத்து, பெரிய பையில் வைத்த கதை.

மச்சானிடம் சொன்னேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார். கையை நீட்டச் சொல்லி, என் உள்ளங்கையில் இருந்த மண் தோலை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து ஒடித்தார். ஓடு மாதிரி ஒடிந்தது.

"அப்ப நான் வெட்டவெச்ச குழி எல்லாம்?"

"அதெல்லாம் அலவாங்குல வெட்டுனது மச்சான். எவ்வளவு செதுக்குனாலும் இப்பிடி ஆகாது."

அது உண்மை. அவரும் மனிதர்தானே, அந்தப் பதில் அவருக்குத் தேவையாக இருந்தது. அலவாங்கு என்றுதான் எங்கள் ஆட்கள் கடப்பாரையைச் சொல்வார்கள். அது குத்தி எடுக்கும், தேய்க்காது.

வெட்டிய குழிகளைச் சரிசெய்ய எஸ்டேட்டில் மண்ணைக் கிளறுகிற முள்ளு போதும் என்று அக்கா சொன்னாள். நான்கு பல் வைத்த இரும்பு அது. சுவரில் மேலிருந்து கீழாகக் குத்தி இழுத்தால் தோல் கிழியும். அடியில் அலவாங்கால் இரண்டு குத்து. வேலை கஷ்டமில்லை, ஆனால் குனிய வேண்டும். நிலத்தின் பாதி, குனிந்தபடி.

மறுநாள் காலை நான் டீ குடித்துவிட்டு இறங்கியபோது மச்சான் முதல் வரிசையில் இருந்தார். யூரியா சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். வலது கை தோள்வரை குழிக்குள். கைப்பிடி ஒடிந்த ஒரு பழைய முள்ளின் தலையைப் பிடித்து, தன் அழகான சுவரைச் சுற்றிச் சுற்றிக் கீறிக்கொண்டிருந்தார். குனிய முடியாதவருக்குப் படுக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரு குழி முடிந்ததும் சாக்கோடு உருண்டு அடுத்ததற்குப் போனார்.

அக்கா மேலே நின்று பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல கோயில்லகூட இப்பிடி விழுந்து கும்புட்டதில்ல."

"நீ வேலைக்குப் போ. பிரட்டுக்கு மணி அடிச்சாச்சு."

"லீவு சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவளும் முள்ளோடு இறங்கினாள்.

அவர்கள் இருவரும் பழைய குழிகளைப் பார்த்துக்கொள்ள, நான் பிட்டைக் கழற்றிக்கொண்டு பந்தலூருக்குப் போனேன். வெல்டிங் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் சுண்டுவிரல் அளவு இரண்டு பல் வெட்டி, பிட்டின் சுருள் ஓரத்தில் எதிரெதிராக வைக்கச் சொன்னேன். வெல்டர் ஒன்று போதாதா என்று கேட்டார். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சுற்றும்போது உதறும், உதறினால் முதலில் என் விலா போகும், பிறகு கியர் பாக்ஸ் போகும் என்றேன். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மண்ணைப் பிடித்துப் பார்த்துத்தான் மெஷினை எடுத்தேன். கைப்பிடி மண்ணை உருட்டினால் உருண்டையாக நின்றால் அன்று காலை வேலை இல்லை, காத்திருப்பது. அமுக்கினால் உதிர்ந்தால் மெஷின். ஒரே இறக்கம், உதறுவதற்கு மட்டும் தூக்குவது, இன்னொரு சுற்று கிடையாது. பல் வைத்த பிட் சுவரைப் பன்றி கிளறினது போல் ஆக்கியது. மச்சான் முதல் குழியில் அளவுகம்பை விட்டார். கட்டை மூன்று இடத்தில் தட்டி நின்றுவிட்டது.

"இதுக்கு நான் பேர் போட மாட்டேன்," என்றார்.

"போட வேணாம். அடுத்த குழிக்கு வழி விடுங்க."

விட்டார். அதற்குப் பிறகு கம்பை ஆழம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டார்.

மழைக்கு ரொம்ப நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கேரளப் பக்கத்து வானம் காலையிலேயே கறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் செய்தது. ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மூச்சு வாங்கி அணையும். பிளக்கை மாற்றினேன், ஸ்பாஞ்சை அலசினேன், கார்பரேட்டரை மறுபடி பிரித்தேன். துளைகளில் மஞ்சள் துகள். அந்த ரிசார்ட்டின் பழைய பெட்ரோல் டேங்கின் சுவரிலும் பிசினாக ஒட்டியிருந்திருக்கிறது. புதுப் பெட்ரோலில் ஊறி இப்போது உரிந்து வருகிறது. கார்பரேட்டரைக் கழுவிய நான் டேங்கைக் கழுவவில்லை. டேங்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் பொடிக்கல்லும் பெட்ரோலும் போட்டுக் குலுக்கி, கூடலூருக்குப் போய்ப் புது ஃபில்டர் வாங்கி வந்து மாட்டினேன். கடைக்காரர் ஃபில்டரை எடுத்துக் கொடுக்கும்போது லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

அந்த வேலையில் போன நாளை எங்களால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. நான் மிச்சமிருந்த மேல் பக்கத்துக் குழிகளை முடித்ததும், மச்சானும் அக்காவும் பழைய குழிகளைக் கீறிக்கொண்டு கீழ் வரிசைக்கு வந்ததும், மழை இறங்கியதும் ஒன்றாக நடந்தது. கீழ் வரிசையில் வேலியோரம் நான்கைந்து குழிகள் கீறாமலே நின்றுவிட்டன. மச்சான் சாக்கை இழுத்துக்கொண்டு அங்கே போகப் பார்த்தார். அக்கா விடவில்லை.

இரவெல்லாம் தகரக் கூரையில் பெய்தது. யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். விடிந்ததும் மழை தூறலாக இளைத்தது. அக்கா ரெயின்கோட்டைக்கூடப் போடாமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். நாங்கள் பின்னால்.

முதல் வரிசையில் குழியின் அடியில் கொஞ்சம் கலங்கல். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அது கண் முன்னாலேயே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அடுத்த குழி காலி. அதற்கடுத்தது காலி. மச்சான் அளவுகம்பை ஒன்றில் விட்டு எடுத்தார். நுனியில் நான்கு விரல் அளவு சேறு, அதற்கு மேல் ஒன்றும் ஒட்டவில்லை. அந்தக் குழியைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"பாக்கச் சகிக்கல," என்றார்.

"ஒங்கள பாக்கவா சொன்னேன்? செடியத் தூக்கிட்டு வாங்க," என்றாள் அக்கா.

நட ஆரம்பித்தோம். பையோடு நாற்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து, பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கி, மேல்மண்ணைத் தள்ளி மிதிக்க வேண்டும். அதை அக்காதான் செய்தாள். எங்களை மிதிக்க மட்டும் விட்டாள். அடியில் நீண்டிருந்த வேர்களை அவள் அப்போதுதான் கத்தியால் நறுக்கினாள், இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்ததற்குப் பிறகு. நாற்றை முக்க மேலேயிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வந்தேன். சரிவில், மழையில், சேற்றில், பாதி வாளி வழியிலேயே போனது. இரண்டாவது தடவை நான் வழுக்கி விழுந்ததும் அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கீழ் வரிசைக்குப் போனாள். வேலியோரம் கீறாமல் விட்ட அந்தக் குழிகள் விளிம்புவரை நிறைந்து நின்றன. ஒரு நாற்றை அதில் பையோடு முக்கினாள். சரியான ஆழம்.

நடவு முடியும்வரை அந்தக் குழிகள்தான் எங்கள் தொட்டி. நாற்று முக்கினோம், மண்வெட்டி கழுவினோம், கால் கழுவினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. மச்சான் அதில் கையைக் கழுவும்போதெல்லாம் விரலால் சுவரை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார்.

எல்லாச் செடியும் பிடித்தது என்று சொல்ல முடியாது. அங்கங்கே காலி விழுந்தது. அதற்கென்று அக்கா கொஞ்சம் நாற்றை மிச்சம் வைத்திருந்தாள். நான் கிளம்புவதற்கு முன் மெஷினின் டேங்கைக் காலி செய்தேன். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டேன். பிளக்கைக் கழற்றி, துளையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, பிளக்கை மறுபடி மாட்டினேன். பிட்டுக்கு எண்ணெய் தடவி மச்சானின் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அடுத்த தடவை கயிற்றை இழுக்கப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கீழ் வரிசையில் அந்த நான்கைந்து குழிகள் மட்டும் கடைசிவரை செடியில்லாமல் இருந்தன. மழை விட்டதும் அவற்றையும் கீறி வைத்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வேணாம், இருக்கட்டும்," என்றாள். "வேனக்காலத்துல செடிக்குத் தண்ணி மொண்டு ஊத்த எங்க போறது?"

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மாப்ள? பேர் விழுந்திருச்சு."